பந்தயத்தில் வென்ற கிராபிக்ஸ் கார்டு

எங்கள் வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். பகலில் நான் அதில் பட்டாசுப் பெட்டிகளுக்கும் தீப்பெட்டிகளுக்கும் லேபிள் வரைவேன். மயில், ராக்கெட், சிரிக்கிற குழந்தை, எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு சிங்கம். சாயங்காலம் என் கணவர், புதூர்ப் பக்கத்து ஆடுகளுக்கெல்லாம் ஊசி போட்டுவிட்டுப் பைக்கில் வந்து சேர்வார். கால்நடைத் துறையில் வேலை. காபியைக் குடித்த கையோடு கார்ப் பந்தய விளையாட்டைத் திறப்பார். அவர் ஒரு சுற்று, நான் ஒரு சுற்று. கல்யாணமான புதிதில் தொற்றிக்கொண்ட பழக்கம்.

அந்த விளையாட்டின் புதிய பதிப்பு வந்ததும் எங்கள் பழைய கிராபிக்ஸ் கார்டு திணறிப்போனது. திரையில் படத்தை வரைந்து காட்டுவதுதான் அந்தக் கார்டின் வேலை. அது நொண்டியதில் ஒவ்வொரு திருப்பத்திலும் கார் நின்று நின்று போனது. சரி, புதுசு வாங்கிவிடலாம் என்று நான் சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். அன்று பிடித்தது சனி.

என் கணவர் ஒரு சட்டை எடுக்க வேண்டுமென்றால் முதல் கடையில் முதல் சட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறவர். கார்டு விஷயத்தில் அவர் வேறு ஆளாக மாறினார். சாப்பிடும்போது வீடியோ, பல் தேய்க்கும்போது வீடியோ. யாரோ ஒருவர் கார்டைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டே இருப்பார், இவர் பெண் பார்க்கப் போனவரைப் போல் வெட்கத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் மூன்று விசிறி வைத்த, விளக்கு எரிகிற, நீளமான ஒன்றில் மனம் நின்றது.

"அதைத்தான் ஓவர்கிளாக் பண்ண முடியும்ட்டி" என்றார்.

கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் நாமாகக் கூட்டி ஓட்டுவதற்குப் பெயர் ஓவர்கிளாக். நன்றாக ஓடுகிற மாட்டைத் தார்க்குச்சியால் குத்தி இன்னும் விரட்டுகிற வேலைதான். ரோட்டில் யாராவது மாட்டை அப்படி விரட்டினால் பைக்கை நிறுத்திச் சத்தம் போடுகிறவர் இவர்.

நான் இரண்டு விசிறிக் கார்டு போதும் என்றேன். "நம்மூர் வெயிலுக்கு அந்தப் பெரிசு அடுப்பு மாதிரி கொதிக்கும். ஆடிக் காத்துல கரிசப் புழுதி பூராவும் அந்த மூணு விசிறிலதான் போய் அடையும். கரண்டு வேற ஏறி எறங்குது. எதுக்குங்க நமக்கு?"

"ரெண்டு விசிறிய வச்சுக்கிட்டு என்னத்த ஓவர்கிளாக் பண்ண?"

"பண்ணாதீங்க."

இந்த ஒரு வார்த்தைக்கு அவர் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கரன்கோவிலில் ஒருவர் பழைய கார்டு விற்கிறார் என்று பஸ் ஏறிப் போனார். வெறுங்கையோடு திரும்பி வந்தார். அந்தக் கார்டை யாரோ, கம்ப்யூட்டரை விட்டுக் கணக்குப் போட வைத்து டிஜிட்டல் நாணயம் சம்பாதிப்பதற்கு ராப்பகலாக ஓட்டித் தேய்த்திருக்கலாம் என்று அவருக்குச் சந்தேகம். "மாடுன்னா பல்லப் பிடிச்சுப் பாக்கலாம். இதுக்கு என்னத்தப் பாக்க?" என்று அலுத்துக்கொண்டார்.

எங்கள் சண்டையைக் கேட்டுக் கேட்டு என் மாமியாருக்குக் காது புளித்துவிட்டது. அவர் டிவி பார்க்கிற நேரத்தில்தான் நாங்கள் எப்போதும் குரலை உயர்த்துவோம். ஒருநாள் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "தெனமும் கார்தான ஓட்டுதீய? இன்னைக்கு ஓட்டுங்க. ஜெயிச்சவிய சொல்லுதத வாங்கித் தொலைங்க. எனக்கு நாடகம் பாக்கணும்."

ஒப்புக்கொண்டோம். பழைய கார்டில், பழைய பதிப்பில், மலைப்பாதையில் ஆளுக்கு ஒரு சுற்று. அவர் முதலில் ஓட்டினார். நான் அடுத்து ஓட்டி, அவரைவிடச் சீக்கிரமாக முடித்தேன். வழக்கமாகத் தோற்றால், கீபோர்டில் குறை, நாற்காலியில் குறை என்று சாமி ஆடுகிற மனுஷன் அன்று வாயே திறக்கவில்லை. எதையோ சொல்ல வந்து விழுங்கியதுபோல் முகம். பாவம், தோல்வியை ஏற்றுக்கொள்ளப் பழகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மெயின் ரோட்டுக் கம்ப்யூட்டர் கடை அண்ணாச்சியிடம் சொல்லி, இரண்டு விசிறிக் கார்டு வந்து சேர்ந்தது. மாட்டினோம். விளையாட்டு வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு போனது. அதோடு விட்டிருக்கலாம். இவர் விடவில்லை. சித்திரை வெயிலில், ஒரு மென்பொருளை இறக்கி, அதில் வேகத்தைக் கூட்டுகிற அளவுகோலில் புள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமாக வலதுபக்கம் நகர்த்தத் தொடங்கினார். கார்டு சூடானது. கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றினார். அப்போதும் சூடு. மாமியாருடைய டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து அதன் முன்னால் வைத்தார்.

மாமியார் வாசலில் வந்து நின்றார். "ஏலே, பெட்டிக்கு ஃபேனு, பெத்தவளுக்கு விசிறி மட்டையா?"

ஃபேன் திரும்பிப் போனது. வேகம் மட்டும் அப்படியே நின்றது.

மறுநாள் காலையில் என் சிங்கம் செத்தது. பிடரியை வரைந்து முடிக்கப்போகிற நேரம், திரை கறுத்து, எல்லாம் போயிற்று. திரும்ப வரைந்தேன். திரும்பவும் கறுத்தது. அச்சகத்திலிருந்து போன்மேல் போன். நான் அந்த மென்பொருளைத் திறந்து, புள்ளியை இழுத்துப் பூஜ்யத்தில் வைத்தேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் தானாக வேகம் ஏறுகிற மாதிரி அவர் வைத்திருந்த டிக்கையும் எடுத்துவிட்டேன். சிங்கம் பிழைத்தது. சாயங்காலம் அவர் வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவர் உட்கார்ந்தார், ஒரு சுற்று ஓட்டினார், நாற்காலியில் சாய்ந்தார்.

"பாத்தியாட்டி, எப்படிப் பறக்குதுன்னு? இதான் ஓவர்கிளாக்கு."

இதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? எங்கள் மானிட்டர் பழையது. கார்டு எவ்வளவு வேகமாக வரைந்தாலும் அது தன் அளவுக்குமேல் காட்டாது. வித்தியாசம் தெரிய வழியே இல்லை. "ஆமாங்க, காத்தால்லா போவுது" என்றேன். சித்திரை போய், வைகாசி, ஆனி. தினமும் பறந்தார். ஆபீஸில் எல்லோரிடமும் பறந்ததைச் சொன்னார்.

சொன்னதன் பலன், கழுகுமலையில் செல்போன் கடை வைத்திருக்கிற அவருடைய பள்ளிக்கூடச் சிநேகிதர் ஒரு ஞாயிறு காலையில் வந்து இறங்கினார். அவரும் கார்டு வாங்கப் போகிறாராம், பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டுமாம். நான் டீ போடப் போனவள், அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுக் கதவோரம் வந்து நின்றேன்.

கணவர் கை விரல்களைச் சொடுக்கிக்கொண்டு மென்பொருளைத் திறந்தார். புள்ளி பூஜ்யத்தில் நின்றது.

"என்னலே, ஒண்ணுமே ஏத்தலையே?" என்றார் சிநேகிதர்.

"நேத்து வரைக்கும் பறந்துச்சுலே!"

"நேத்து எதுலலே பறந்த?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். சொல்லிவிட்டேன். சிங்கம் செத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சிநேகிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சரிந்தார். "மதினி, மூணு மாசமாவா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்.

கணவர் சிரிக்கவில்லை. விளையாட்டைத் திறந்தார். என் பெயரில் இருக்கிற கணக்கில் நுழைந்தார். நான் ஒருநாளும் எட்டிப் பார்த்திராத ஏதோ ஒரு பக்கத்துக்குப் போய், விரலால் திரையைத் தட்டினார். திருப்பத்தில் உதவி: ஆன். பிரேக்கில் உதவி: ஆன்.

"மேடம் கார் ஓட்டலலே. கம்ப்யூட்டருதான் ஓட்டுது. இவ அந்தால உக்காந்து வேடிக்கை பாக்குதா."

எனக்குக் காது சூடானது. "இத எப்பப் போட்டீங்க?"

"கல்யாணமான புதுசுல. நீ தெனமும் மலையில முட்டிக்கிட்டுக் கெடந்த. இப்படியே போனா வெளையாட்ட விட்டுருவியோன்னு பயந்து போட்டேன்."

"அப்பம் பந்தயத்தன்னைக்கே சொல்லிருக்கலாம்லா?"

"எப்படிச் சொல்ல? சொன்னா வெளக்குமாத்தத் தூக்கிருக்க மாட்டியா?"

தூக்கியிருப்பேன். அது உண்மை.

சிநேகிதர் எழுந்து உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, உதவி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மறுபடி ஓட்டச் சொன்னார். கணவர் ஒரு சுற்றை அழகாக முடித்தார். நான் மலையில் முட்டினேன், பாலத்தில் முட்டினேன், ஒரு இடத்தில் எதிர்த் திசையில் கொஞ்ச தூரம் போனேன். அடுக்களையில் டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. மாமியார் உள்ளேயிருந்து, "அங்கன என்னட்டி கருகுது?" என்றார்.

நியாயப்படி கார்டைத் தேர்ந்தெடுக்கிற உரிமை அவருடையதாக இருந்திருக்க வேண்டும். ஆனால் வாங்கியாயிற்று. அதற்கு ஈடாக மானிட்டர் அவர் இஷ்டம் என்று சிநேகிதர் முன்னிலையில் முடிவானது. அவர் மறுபடியும் பல் தேய்த்துக்கொண்டே வீடியோ பார்த்து, வேகமான ஒன்றை வாங்கினார். ஓவர்கிளாக்கையும் இந்தத் தடவை நிதானமாக, கார்டு எவ்வளவு தாங்கும் என்று பார்த்துப் பார்த்து ஏற்றினார். மென்பொருளில் இரண்டு பொத்தான்கள் வைத்தார். ஒன்றாம் எண் என் சிங்கங்களுக்கு, சாதாரண வேகம். இரண்டாம் எண் சாயங்காலத்துக்கு.

புது மானிட்டரில் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. நான் அதை அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை, விளையாடவும் எனக்கு ஒன்றாம் எண்ணே போதும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என் முறை வரும்போது மட்டும், அவர் காபி டம்ளரை வைக்க அந்தப் பக்கம் போகிற நேரம் பார்த்து, இரண்டாம் எண்ணை அழுத்திக்கொள்கிறேன். மலை இன்னும் வேகமாக வந்து முட்டுகிறது.