கேமராக் கடையில் பேசிய தமிழ்

கடைக்காரரிடம் விலை குறைத்துக் கேட்க வேண்டும் என்றால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். வயது ஐம்பதை நெருங்கியும் மாறவில்லை. எங்கள் வீட்டில் பேரம் முழுவதும் மனைவியின் இலாகா. மைசூர் தேவராஜா மார்க்கெட்டில் அவள் கத்தரிக்காய்க்காரரோடு மல்லுக்கட்டும்போது நான் தள்ளி நின்று, யாரோ தெரியாத அம்மாவைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படிப்பட்ட என்னைத்தான் மகள் கேமரா வாங்கத் துணைக்குக் கூட்டிப் போனாள். அவளுக்கு வேறு வழியில்லை. மனைவி வேலை செய்யும் தையல் ஆலையில் அன்று லீவு கொடுக்கவில்லை. எனக்கு ஊதுபத்திக் கம்பெனியில் மதியத்தோடு ஷிப்ட் முடிந்திருந்தது.

மகள் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். அவளிடம் இருந்த கேமரா, படிப்பு முடித்துப் போன ஒரு பெண் விற்றுவிட்டுப் போனது. வெயிலில் நன்றாக எடுக்கும். கல்யாண மண்டபத்துக்குள் போனால் மணப்பெண் முகத்தில் ரவையைத் தூவியது போலப் புள்ளி புள்ளியாக விழும். அவள் எடுத்த படங்களைப் பார்த்த ஒரு ஸ்டூடியோக்காரர், "உனக்குக் கண் நன்றாக இருக்கிறது, கேமராதான் சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கு நல்ல கேமராவோடு வந்தால் இரண்டாவது கேமரா நீ. இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அந்த வேலை கிடைத்தால் மூன்றாம் வருடக் கல்லூரிச் செலவை அவளே பார்த்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை.

உதவித்தொகையில் மிச்சம், தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தது, நான் போட்டது எல்லாம் சேர்ந்து இருபதாயிரம் இருந்தது. இரண்டு மாதமாகப் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். "இந்தக் காசுக்குப் புதுசு வாங்கினா பெட்டிதான்ப்பா புதுசா இருக்கும். படம் இப்ப இருக்கற மாதிரியேதான் வரும். யாராவது வச்சிருந்த பெரிய கேமராவா பாத்து வாங்கணும்."

பழைய கேமரா விற்கும் அந்தக் கடை சயாஜி ராவ் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. பகலிலேயே அரையிருட்டு. கல்லாவில் இருந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். மீசை மட்டும் இருபது வயதுக்காரரின் மீசை போலக் கன்னங்கரேல் என்று இருந்தது.

இங்கே எங்கள் தமிழ் ஜனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைக்காரரிடம் கன்னடத்தில் பேசுவோம். நமக்குள் கலந்துகொள்வதைத் தமிழில் வைத்துக்கொள்வோம். கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது போல அதில் ஒரு தைரியம். மைசூரில் பாதிப் பேருக்குத் தமிழ் புரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடைப்படி ஏறியதும் எப்படியோ மறந்துவிடும்.

மகள் கேட்ட கேமராவை அவர் எடுத்து வைத்தார். "ஒரே ஓனர். டாக்டர். ஷோகேசில்தான் வைத்திருந்தார். இருபத்தாறு" என்றார் கன்னடத்தில்.

மகள் என் காதருகே குனிந்து, தனக்குத் தெரிந்த கன்னடம் கலந்த தமிழில், "அப்பா, நம்ம கிட்ட ட்வென்ட்டிதான் இருக்கு. அதுக்கு மேல ஆகல்ல" என்றாள். ரகசியம் பேசும்போதும் அவள் குரல் வகுப்பில் வருகை சொல்கிற குரல்தான்.

பிறகு கன்னடத்தில், "நான் கல்லூரி மாணவி, குறைத்துச் சொல்லுங்கள் அங்கிள்" என்றாள்.

"மாணவி என்கிறாய். இருபத்து நாலு" என்றார். கொஞ்சம் யோசித்து இருபத்திரண்டு என்றார். பிறகு நெஞ்சில் கை வைத்து, இருபது என்றார். அங்கே இறங்கியவர் அதற்குக் கீழே ஒரு ரூபாய்கூட அசையவில்லை. எவ்வளவு நல்ல மனிதர், சரியாக நம் கையில் இருப்பதையே கேட்கிறாரே என்று நான் உருகிப்போனேன்.

அவர் ஒரு சின்ன லென்ஸை மாட்டி, இருட்டில் எடுத்துப் பார் என்று கொடுத்தார். மகள் அவரையே குறி வைத்தாள். அந்த நேரத்தில் நான் கேமராவின் ஓரங்களைப் பார்த்தேன். தேய்ந்த இடங்களில் எல்லாம் கறுப்பு மை தொட்டு வைத்திருந்தது. மகளிடம் தமிழில் சொன்னேன்: "அம்மிணி, டாக்டரு ஷோகேசுல வச்சிருந்தாராமா? மீசைக்கு அடிச்ச மையில மிச்சத்தக் கேமராவுக்கு அடிச்சிருக்காரு பாரு."

கிளிக்.

மகள் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள். "ஒரு புள்ளி கூட இல்லப்பா. நோடி, பாருங்க, எவ்வளவு க்ளியர்!"

அவள் புள்ளியைத் தேடினாள். நான் படத்தில் இருந்த மனிதரைப் பார்த்தேன். அவருடைய வலது கை மீசையைத் தடவிக்கொண்டிருந்தது. கன்னம் இரண்டும், சிரிப்பை விழுங்கப் பாடுபடுகிறவன் கன்னம் போல உப்பியிருந்தன. ஒவ்வொரு முடியும் தெளிவாகத் தெரிந்தது. அருமையான கேமரா.

எனக்குக் காது சூடானது. ஆனாலும் உறுதி செய்துகொள்ள வேண்டுமே. "கண்ணு, இங்க வெக்கையா இருக்குதில்ல? அந்த ஃபேனக் கொஞ்சம் வேகமா வச்சா தேவலை" என்று தமிழில் சொன்னேன். அவர் கை தானாக எழுந்து சுவரில் இருந்த ரெகுலேட்டர் வரை போனது. பாதியில் நினைவு வந்து திரும்பி, காதைச் சொறிந்துகொண்டது.

விலை ஏன் இருபதில் வந்து நின்றது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மகளிடம் இதைச் சொல்லவும் முடியாது. எந்த மொழியில் சொல்வது? சரி, கெட்டுப்போனதை நாமே சரிக்கட்டுவோம் என்று இறங்கினேன். கடைக்காரரின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க முடியாத எனக்கு, மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவரிடம் பேசுவது சர்க்கரையாக இருந்தது.

"அம்மிணி, இருபதுன்னியே, பரீட்சைப் பணமும் அதுக்குள்ளதான? மறந்துட்டயா?"

"எந்தப் பரீட்சைப் பணம்? அத கட்டியாச்சல்லப்பா! நீங்களே வந்து கட்டினீங்க!"

கடைக்காரர் குனிந்து மேசை டிராயரில் எதையோ மும்முரமாகத் தேடினார். தோள் குலுங்கியது.

அடுத்து வந்ததுதான் பெரிய இடி. இருபது கேமராவுக்கு மட்டும்தான். மாட்டியிருக்கும் சின்ன லென்ஸ் தனி, ஐயாயிரம் என்றார். மகள் தன் பழைய லென்ஸை மாட்டி மறுபடி எடுத்தாள். புள்ளி குறைந்திருந்தது, ஆனால் அவர் கையை அசைத்த இடம் புகையாகக் கலைந்திருந்தது. மண்டப இருட்டுக்கு அந்த லென்ஸ் இல்லாமல் ஆகாது. அவள் முகம் விழுந்துவிட்டது. பழைய லென்ஸைக் கழற்ற ஆரம்பித்தாள்.

அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ பொய் வந்தது. "விடு கண்ணு. கடைசிச் சந்துல இருக்கற கடையில இதே லென்ஸோட சேத்து இருபதுக்குத் தர்றேன்னாங்கல்ல? இவரு நல்ல மனுசனாத் தெரியறாரேன்னுதான் இங்க வந்தோம்."

மகள் என்னைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. அப்பாவுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

கடைக்காரரும் இப்போது விழித்துக்கொண்டார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. அதை ஒப்புக்கொள்வாரா? சார்ஜில் கிடந்த போனை எடுத்துக் காதில் வைத்தார். வயர் எட்டாததால் கல்லாவின் மேல் கவிழ்ந்தபடியே யாருக்கோ கன்னடத்தில் சொன்னார்: "ஹலோ! அந்தக் கடைசிச் சந்துக் கடையா? அவன் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்திருக்கும். போகிறவர்கள் போகட்டும்!"

"பூஞ்சையா இருந்தாத் தொடைச்சுக்கலாம் கண்ணு. மை அடிச்சதத்தான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன் மகளிடம்.

"ஹலோ, கேட்கிறதா? என்னால் லென்ஸை இனாமாகக் கொடுக்க முடியுமா? கையில் ஒரு பழைய கேமரா இருக்கிறது. அதை இங்கே விட்டுவிட்டுப் போகலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை பார்!"

என் தமிழ் விளையாட்டில் பாதி புரியாமல் நின்ற மகளுக்கு இந்தக் கன்னடம் முழுதாகப் புரிந்தது. பட்டென்று திரும்பினாள். "அங்கிள், பழசை எடுத்துக்கொண்டு லென்ஸ் கொடுப்பீர்களா?"

அவர் போனை வைத்துவிட்டார். எதிர்முனைக்காரருக்கு விடைகூடச் சொல்லவில்லை. பழைய கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, ஏதோ கசப்பு மருந்து குடிக்கிறவர் போல, "ஆகட்டும், கொடு" என்றார். மகள் மெமரி கார்டை மட்டும் உருவிக்கொண்டு, இரண்டு கையாலும் அதை அவரிடம் நீட்டினாள்.

பணம் கொடுத்து ரசீது வாங்கிப் படியிறங்கும்போது எனக்கு ஆசை அடங்கவில்லை. "எல்லாம் சரி கண்ணு, ஒரு பை குடுத்திருக்கலாம்" என்றேன் தெருவைப் பார்த்துக்கொண்டு.

"ஏய் மகளே, நில்லு" என்று பின்னாலிருந்து கன்னடத்தில் குரல் வந்தது. மேசைக்கு அடியிலிருந்து தூசி படிந்த ஒரு தோள்பையை எடுத்துத் தட்டி அவளிடம் கொடுத்தார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. மீசையை மட்டும் ஒருமுறை முறுக்கிக்கொண்டார்.

பஸ்ஸில் மகள் பையை மடியில் வைத்துக்கொண்டு, "எவ்வளவு ஒள்ளே மனுஷன்ப்பா, எவ்வளவு நல்லவரு! நாம கேக்காமலே குடுத்தாரு!" என்று எங்கள் ஸ்டாப் நஞ்சுமளிகே வரும் வரை சொல்லிக்கொண்டு வந்தாள். அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே கிளம்பிப் போனவள் சாயங்காலம் கால் வீங்கித் திரும்பி வந்தாள். தாம்பூலப் பையைப் போட்டுவிட்டு எங்கள் நடுவில் உட்கார்ந்து படங்களைக் காட்டினாள். மண்டபத்தின் ஒரு மூலையில், விளக்கே இல்லாத இடத்தில், மாப்பிள்ளையின் தம்பி யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஜிலேபியைப் பாக்கெட்டில் போடுகிற படம். அதில் ஒரு புள்ளி இல்லை. அதைப் பார்த்துத்தான் ஸ்டூடியோக்காரர் சத்தமாகச் சிரித்தாராம். அடுத்த வாரம் நஞ்சன்கூட்டில், அதற்கடுத்து ஸ்ரீரங்கப்பட்டணத்தில், சீசன் முடியும் வரை வா என்று சொல்லிவிட்டாராம்.

அந்தப் படத்தை இன்னொரு முறை காட்டச் சொன்னேன். மனைவி கேட்டது வேறு.

"ஒரு நாளைக்கு எவ்வளவு குடுப்பாராமா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "அத நான் கேக்கலம்மா. ஒரு மாதிரி இருந்துச்சு."

மனைவி அவளை விட்டுவிட்டாள். என்னைத்தான் மேலும் கீழும் பார்த்தாள்.

"அந்த ஆளு நம்பரக் குடு" என்று மகளிடம் கையை நீட்டினாள். நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டேன். உள்ளே போய்க் குழாயையும் பெரிதாகத் திறந்து வைத்துக்கொண்டேன்.