வினாகிரியில் கிடந்த கத்தி

என் வீட்டுக்காரர் கத்தி அடிப்பார். நான் அலகில் பூக் கீறுவேன். கற்பிட்டிப் பக்கம் மீன் வெட்டும் பெண்கள் அந்தப் பூவுக்காகவே எங்கள் பட்டறைக்கு வருவார்கள்.

தீட்டிய அலகைச் சூடாக்கி மெழுகுதிரியைத் தேய்த்தால் மெழுகு உருகிப் படியும். ஆறியதும் ஊசியால் கோடு கீறி, ஊறுகாய்க்கு ஊற்றும் புளிக்காடியான வினாகிரியில் உப்புப் போட்டு அமிழ்த்துவேன். கீறிய இடத்தை மட்டும் வினாகிரி தின்னும். அரை மணி நேரத்தில் எடுத்து மெழுகை வழித்தால் வெள்ளை இரும்பில் கறுப்புப் பூ பூத்திருக்கும். மருதோன்றி சிவக்கக் காத்திருக்கும் பெண்ணைப் போல அதன் பக்கத்திலேயே இருப்பேன்.

யுத்த காலம். ஒருநாள் காலை, நீளமான மீன் கத்தியொன்றில் கடற்பாசிக் கொடி கீறிப் பீங்கான் தட்டில் அமிழ்த்திய நேரம், வாசலில் இராணுவ ஜீப் வந்து நின்றது. அவருடைய அடையாள அட்டையில் பிறந்த இடம், சண்டை நடக்கும் மன்னார். பட்டறை நிறையக் கத்தி.

"விசாரிச்சிட்டு அனுப்புறோம்" என்றார் வந்தவர்களில் ஒருவர், கொச்சைத் தமிழில்.

அவரை ஏற்றிக்கொண்டு போன முகாமின் வாசலில் அன்று முழுக்க நின்றேன். கடல் உள்ளே புகுந்து நிற்கும் களப்பிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. உப்பளத்து வெளிச்சத்தில் கண் கூசியது. தண்ணீருக்கு அடியில் நிற்பதுபோல் இருந்தது எனக்கு. லொறிகள் சத்தமில்லாமல் போயின. காவலுக்கு நின்றவனின் உதடு அசைவது தெரிந்தது. நாளைக்கு வரச் சொல்கிறான் என்பது பிறகுதான் விளங்கியது.

மறுநாள் முகாமுக்குப் போக வீட்டு வாசலில் இறங்கி நின்றேன்; பள்ளியில் நடுப்பகல் ளுஹர் பாங்கு சொல்லும்போது ஒருவர் வெறுங்காலோடு நடந்து வந்தார். யாரோ என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பசிக்குது புள்ள" என்றார் என் வீட்டுக்காரர்.

சாப்பிட்டுவிட்டு நேரே பட்டறைக்குள் போனவர் தட்டைக் கண்டார். "இது எப்ப போட்டது?"

"நேத்துக் காலைல, உங்களக் கொண்டு போன நேரம். மறந்தே போயிட்டேன்."

கத்தியை எடுத்துக் கழுவினார். மெழுகு விளிம்பு விளிம்பாகக் கிளம்பி, அதன் அடியிலும் வினாகிரி ஊர்ந்திருந்தது. கொடியின் கோடுகள் கலைந்து, சாம்பலும் கறுப்புமாக, அசையும் தண்ணீரினூடே தெரியும் களப்பின் அடித்தரை போலிருந்தது அலகு. வெட்டும் வாய் அரிபட்டுக் கிடந்தது.

"கெட்டுப்போச்சே!"

"கெட்டுத்தான் போச்சு." வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "ஆனா இப்படியொண்ட நான் கண்டதே இல்ல புள்ள."

அப்போதுதான் அழுதார். கத்தியை நான் வாங்கிக்கொண்டேன். 

அரிபட்ட வாயைத் தீட்டித் தள்ளியதில் கத்தி ஒடுங்கிப்போனது. எத்தாளையிலிருந்து வந்த மீன்காரி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, அதுபோலவே ஒன்று வேண்டுமென்றாள். இன்னொரு அலகை அதேபோல மறுநாள் நடுப்பகல் வரை ஊறப்போட்டோம், துருதான் ஏறியது. பிறகு கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மெழுகை இலேசாகச் சூடுகாட்டி இளக்கி, மறுபடியும் ஊறவிடப் பழகினோம். அலகில் தண்ணீர் அசைந்தது. மீன்காரிக்குச் சந்தோஷம்.

"அந்தக் கத்தி மாதிரியே வந்திருக்கா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"ஓம்" என்றேன். வரவில்லை.