முள்ளு மாமா கையெழுத்துப் போட்ட விமானம்

என் சித்தப்பா முப்பத்தோரு வருடம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவர். வண்டி சேர்ந்த நேரத்திலிருந்து புறப்பட்ட நேரத்தைக் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் டிரைவர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவார். தாமதமாக வந்தால் ஒரு திட்டோடு போகும். முன்னதாக வந்தால்தான் வம்பு. "பன்னெண்டு நிமிஷம் மிச்சம் பிடிச்சியே, எத்தனை பேர் உசுரை அடகு வச்சே?" என்று நிற்க வைத்துவிடுவார். டிரைவர்கள் அவரை 'முள்ளு மாமா' என்பார்கள். அந்தப் பெயர் அவருக்கும் பிடிக்கும்.

அவருக்கு ஒரே மகள். கடல் கடந்து நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு நகரத்தில் வேலை. முதல் பிரசவத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. சித்தி போய்ச் சேர்ந்து நான்கு வருடமாகிறது. மாப்பிள்ளை கப்பலில். "அப்பா, நீங்க சும்மா பக்கத்துல உட்கார்ந்திருந்தா போதும்" என்று தங்கச்சி கேட்டிருந்தாள். டிக்கெட் எடுத்தது நான்.

அதைப் பார்த்த அன்றே சித்தப்பா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"காலையில ஒம்பதுக்குக் கிளம்பி சாயந்திரம் அஞ்சுக்குச் சேருது. எட்டு மணி நேரம். திரும்புறப்போ ஏழுக்குக் கிளம்பி பத்துக்கு வந்துடுது. மூணே மணி. ரெண்டும் ஒரே தூரம். நாலாயிரத்தை மூணு மணியில ஓட்டுறவன் டிரைவரா, எமனா? நான் ஏற மாட்டேன்டா."

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான், அதுவும் புவியியல். இதற்குத்தான் படித்தோம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். சொம்பைப் பூமியாக்கி, டார்ச் லைட்டைச் சூரியனாக்கி, தீர்க்கரேகை வரை போனேன்.

"பூமி சுத்துறது எனக்கும் தெரியும். சீட்டு ஏன் பொய் சொல்லுது, அதைச் சொல்லு."

என்னால் அதை மட்டும் அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியவில்லை. அதற்குள் தங்கச்சியே போனில் வந்தாள். "அப்பா, வர்றீங்கதானே?" அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஆறு.

"அங்க இப்ப மணி என்னம்மா?"

"எட்டரைப்பா. ஏன்?"

டிக்கெட்டின் பின்பக்கம் பேனா ஓடியது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எட்டும் மூணும் எவ்வளவுடா?"

"பதினொண்ணு."

"பாதி?"

"அஞ்சரை."

"அதுதான் ஓட்டம். அவங்க கடிகாரம் ரெண்டரை மணி முன்னால நிக்குது. போறப்போ அது ஏறிக்குது, வர்றப்போ இறங்கிடுது. ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினா கடிகாரம் கழிஞ்சு போகும், வண்டி மட்டும் மிஞ்சும். மணிக்கு எழுநூத்திச் சொச்சம். நியாயமான வேகந்தான். இதைச் சொல்ல உனக்குச் சொம்பு எதுக்கு?"

நான் சொம்பை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் வைத்தேன். பின்னால், "வர்றேம்மா" என்று அவர் சொல்வது கேட்டது.

மறுவாரம் அங்கிருந்து போன் செய்தார். கைக்கடிகாரத்தை மாற்றவே இல்லையாம்.

"அஞ்சு மணி முப்பத்தஞ்சு நிமிஷம்டா. அஞ்சு நிமிஷம் லேட்டு. பரவாயில்ல, கையெழுத்துப் போட்டுடலாம்."

"குழந்தை, சித்தப்பா?"

"அது இன்னும் கிளம்பல. நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கேன். மெதுவா வரட்டும்."

பின்னால் தங்கச்சி சிரிப்பது கேட்டது.