இரண்டு விரல் குட்டையான அங்கி

என் மகன் பல்கலைக்கழக இடத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ஏற்றுக்கொள்வதற்கான கடைசி நாள் கடந்துபோகும்வரை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, மறுநாள் காலை ரொட்டியில் காயா ஜாம் தடவிக்கொண்டே சொன்னான்.

“லிப்ட் வேலை படிக்கப் போறேம்மா. ரெண்டு வருசம். வேலை செஞ்சுக்கிட்டே படிக்கலாம்.”

“லிப்டுல மாட்டிக்கிட்டவங்கள வெளிய இழுத்துப் போடுற வேலையா?”

“அதுவும்தான். யாராச்சும் இழுக்கணும்லா.”

மூன்று வாரமாகிவிட்டது. இன்னும் அந்தக் காலை உணவு எனக்குச் செரிக்கவில்லை. அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு கதை உண்டு. ஆறு வயதிலிருந்து அவனிடம் சொல்லிவரும் கதை. வாயெடுக்கும் முன்பே, “அத்தையோட ஜூபா கதைதானே?” என்று கேட்டுவிட்டு, தட்டைக் கழுவ எழுந்து போய்விட்டான்.

ஆமாம், அந்தப் பட்டமளிப்பு அங்கிக் கதைதான். எனக்கு அப்போது ஏழு வயது.

கோலா சிலாங்கூரிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் எங்கள் வீடு, தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் கடைசி வீடு. அப்பா தோட்டத்து எண்ணெய் ஆலையில் வேலை செய்தார். அவருக்குக் கீழே ஒரு தங்கை, ஒரு தம்பி. தங்கையான என் அத்தை மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு, டவுனில் ஒரு சீனத்தியிடம் தையல் கற்றுக்கொண்டவர். எங்கள் வீட்டு முன்னறையில் மிதி இயந்திரம் போட்டுப் பள்ளிச் சீருடையும் ரவிக்கையும் தைத்தார். தம்பியான என் சித்தப்பா பல்கலைக்கழகம் போனார். ஒருவர் ஏன் நின்றார், ஒருவர் ஏன் போனார் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. மழை கிழக்கிலிருந்து வரும் என்பதைப் போல அதுவும் ஒரு நடைமுறை என்று நினைத்திருந்தேன்.

சித்தப்பா பட்டம் வாங்கிய அன்று மண்டபத்துக்குள் போக இரண்டு பேருக்குத்தான் அட்டை கொடுத்தார்கள். அப்பாவும் அத்தையும் போனார்கள். நாங்கள் தோட்டத்து வாசலில் காத்திருந்தோம். வாடகைக் கார் வந்து நின்று சித்தப்பா இறங்கியபோது, மாலை நான்கு மணி வெயிலில், கழுத்திலிருந்து கணுக்கால்வரை கறுப்பு அங்கியும் தலையில் சதுரத் தொப்பியும் போட்டிருந்தார். அங்கியின் கைகள் பெரிய புனல்போல விரிந்து தொங்கின. விளிம்பைச் சுற்றி மஞ்சள் பட்டை.

“கழட்டாதப்பா, கழட்டாத. கோயில்வரைக்கும் அப்படியே வா” என்றார் மண்டோர், தோட்டத்துக் கங்காணி. லயமே பின்னால் நடந்தது. சித்தப்பாவுக்கு வியர்வை தாடையிலிருந்து சொட்டியது. நான் அங்கியின் நுனியைத் தொட்டுப் பார்த்தேன். பட்டு என்று நினைத்திருந்தேன். மழைக்கோட்டுபோல வழுவழுவென்று இருந்தது.

கோயிலில் பூசாரி அம்மனுக்குக் காட்டிய சூடத்தட்டை முதல் மரியாதையாகச் சித்தப்பாவிடம் நீட்டினார். சித்தப்பாவும் எல்லோரையும்போல இரண்டு கைகளையும் நெருப்பின் மேல் நீட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனார். அதுவரை அந்தத் தட்டு பார்த்ததெல்லாம் அரைக்கைச் சட்டைகள்தான். அவ்வளவு அகலமான கை ஒன்று தன் முன் வரும் என்று அதற்கோ பூசாரிக்கோ சித்தப்பாவுக்கோ தெரியாது. வலக்கைத் துணி சூடத்தின் மேலேயே விழுந்தது.

பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. யாரோ தண்ணீரை ஊற்றினார்கள். தட்டை எடுத்த பிறகு பார்த்தால், மஞ்சள் பட்டைக்குச் சற்று மேலே ஐம்பது காசு அகலத்துக்கு ஓர் ஓட்டை.

“அம்மன் சாப்பா குத்திட்டா” என்றார் ஒரு கிழவர், முத்திரையைக் காட்டுவதுபோல ஓட்டையைக் காட்டி.

“நல்லா குத்துனா. டிகிரியே வெந்து போச்சு” என்றார் மண்டோர். சிலர் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை.

அவர் ஏன் சிரிக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அங்கி அவருடையதில்லை, பல்கலைக்கழகம் இரவலாகக் கொடுத்தது. மேடையில் வாங்கியதும் சான்றிதழ் இல்லை, சிவப்பு நாடா கட்டிய வெறும் குழல். திங்கட்கிழமை அங்கியைச் சேதமில்லாமல் திருப்பிக் கொடுத்தால்தான் உண்மையான தாள் கைக்கு வரும். சேதம் இருந்தால் விசாரணை, அது முடியும்வரை தாள் வராது. புதன்கிழமை அவருக்கு ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வு. சான்றிதழைக் கொண்டுவராதவர்கள் வரவே வேண்டாம் என்று கடிதத்தில் எழுதியிருந்தது.

நான் குழலுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் அம்மாவின் முகம் தெரிந்தது.

அப்பா யோசனைகளாகச் சொன்னார். அதே துணி வாங்கி ஒட்டுப் போடலாம், தோட்ட அலுவலகக் கிராணியிடம் ஒரு கடிதம் வாங்கலாம், சாமி காரியத்தில் நடந்தது என்று சொன்னால் மனமிரங்காமலா போவார்கள். சித்தப்பா அங்கியோடு படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். பட்டதாரி அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அத்தை இயந்திரத்தின் மூடியைத் திறந்துவைத்துவிட்டு வந்தார். “ஜூபாவப் போட்டுக்கிட்டு அழுதா ஓட்டை மூடிக்குமாடா? கழட்டிக் குடு.”

“நீ என்னக்கா செய்வே? இது ரவிக்கை இல்ல.”

“ரவிக்கைன்னா உங்கிட்டக் கேட்டுக்கிட்டா இருப்பேன்? கழட்டு.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வெளிச்சம் வந்ததும் அத்தை வாசலில் பாயை விரித்து அங்கியைக் கிடத்தினார். அவர் ஓட்டையை அடைக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். ஓட்டையை அவர் தொடவே இல்லை. பட்டையின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தார், வலக்கையில் மட்டுமல்ல, இடக்கையிலும். அப்பா பதறிப்போனார்.

“நல்லா இருக்குற கைய ஏன் பிரிக்கிற?”

“ஒரு கை மட்டும் குட்டையாப் போனா பாக்குறவனுக்குத் தெரியாதாண்ணே?”

இரண்டு கைகளின் விளிம்பையும் இரண்டு விரல் அகலத்துக்கு உள்ளே மடித்தார். ஓட்டையில் பாதி மடிப்புக்குள் போய்விட்டது. மீதிப் பாதியின் மேல் மஞ்சள் பட்டையை வைத்துத் தைத்தார். பழைய தையல் இருந்த இடத்தில் வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தன. ஈரத்துணி போட்டு இஸ்திரி தேய்த்ததும் அவையும் போய்விட்டன. ஓட்டை எங்கேயும் போகவில்லை, உள்ளேதான் இருந்தது. ஆனால் நான் எவ்வளவு தேடியும் கண்ணில் படவில்லை. சித்தப்பா தேடிவிட்டு, அத்தையின் முகத்தைப் பார்த்தார். பிறகு தேநீர் கலக்கப் போனார். அவர் அதற்கு முன்பு தேநீர் கலக்கி நான் பார்த்ததில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நான் என் மகனிடம் சொல்லிவந்த கதை.

எல்லோரும் உள்ளே போன பிறகு அத்தை அங்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்து நீர் கோத்திருந்தன. பழைய நாளிதழ்களைத் தரையில் பரப்பி, அங்கியை அதன் மேல் வைத்து ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டார். பிறகு என்னைப் பார்த்தார். முன்பு ஒருபோதும் பார்க்காத மாதிரி, மேலிருந்து கீழ்வரை, நெடுநேரம்.

“இங்க வாடி. நிமிந்து நில்லு.”

அங்கியை என் தலைவழியே போட்டார். தோளில் மடித்தார், இடுப்பில் மடித்தார், கையை முழங்கைவரை சுருட்டிக் குண்டூசி குத்தினார். தொப்பியையும் வைத்தார். அது மூக்குவரை இறங்கியது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஒரே கறுப்பு. என்னைச் சுற்றி அத்தை மண்டியிட்டு நகர்வதும், மூச்சை அடக்கிப் பிடிப்பதும், பிறகு விடுவதும் கேட்டன. உடம்பெல்லாம் சிலிர்த்தது.

“அத்தை, நானும் படிச்சா இதப் போடலாமா?”

தோள் மடிப்பை இன்னொரு தடவை சரிசெய்தார். பிறகு, “ம்” என்றார்.

அந்த ஒரு “ம்”மைப் பிடித்துக்கொண்டு நான் படித்தேன். அத்தைக்குக் கிடைக்காத அங்கியை அவர் தன் கண்ணீரோடு எனக்குப் போட்டு ஆசீர்வதித்தார் என்று நம்பினேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலிருந்து ஆறாம் படிவம்வரை, கணக்கு வராத இரவுகளில் எல்லாம் அந்தத் தொப்பிக்குள் இருந்த கறுப்பைத்தான் நினைத்துக்கொண்டேன். பட்டம் வாங்கினேன். அதற்காக எடுத்த கல்விக் கடனை என் மகன் பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகுதான் கட்டி முடித்தேன். ரவாங்கில் ஓர் அலுவலகத்தில், ஜன்னல் இல்லாத அறையில், நல்ல வேலை. குறை சொல்ல மாட்டேன்.

சித்தப்பாவின் அங்கியைத் திங்கட்கிழமை வாங்கிய பணியாளர் கழுத்துப் பட்டையிலிருந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கூடையில் போட்டாராம். புதன்கிழமை சித்தப்பா தாளோடு நேர்முகத் தேர்வுக்குப் போனார். அந்த வேலை கிடைக்கவில்லை. அதன் பிறகு இரண்டு வருடம் எங்கள் முன்னறையில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினார். எதிரே அத்தையின் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வருடக் கடைசியிலிருந்தே அந்த அறையில் சின்னச் சின்னக் கறுப்பு அங்கிகள் அடுக்கடுக்காய்க் கிடந்தது எனக்கு நினைவிருக்கிறது. தோட்டத்துப் பாலர்பள்ளிக்கு, பிறகு தஞ்சோங் காராங், பிறகு சபாக்வரை. ஆறு வயதுப் பிள்ளைகள் பட்டதாரிகளைப்போல உடுத்திக்கொண்டு மேடையேறும் விழாவுக்கு. விண்ணப்பங்களுக்கு நடுவே சித்தப்பாதான் மூட்டை கட்டி மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் வளர்ந்தேன். ஒன்றோடொன்றைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றியதே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு கோலா சிலாங்கூருக்குப் போனேன். டவுனில் இப்போது அத்தைக்குச் சொந்தக் கடை. நான் சொன்னால் கேட்காதவன் அத்தை சொன்னால் கேட்பான் என்று எண்ணம். அவனும் என்னைப்போலவே அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவான். தோளில் அளவு நாடாவைப் போட்டபடி அத்தை ஒரு மேசையில் துணி வெட்டிக்கொண்டிருந்தார்.

“நீங்களே சொல்லுங்கத்தை. அன்னிக்கு எனக்கு ஜூபா போட்டுவிட்டு ஆசீர்வாதம் செஞ்சீங்களே, அதச் சொல்லுங்க.”

அத்தை கத்தரியை நிறுத்தினார். “நான் எங்கடி ஆசீர்வாதம் செஞ்சேன்? பாலர்பள்ளி டீச்சரு கேட்டுக்கிட்டே இருந்தா, டிவில பாத்த மாதிரி பிள்ளைங்களுக்கு ஜூபா தச்சுக் குடுன்னு. ஆறு வயசுக்குத் தோள் எவ்வளவு வைக்கிறதுன்னு எனக்கு என்னா தெரியும்? நீ ஏழு வயசு, ஆனா பூஞ்சை உடம்பு. சரியா இருந்துச்சு.”

என் மகன் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“அழுதீங்களே அத்தை. கண்ணெல்லாம் செவந்து...”

“கறுப்புத் துணியில கறுப்பு நூலு. காலையிலேருந்து வெயில்ல உக்காந்து பிரிச்சுப் பாரு, உனக்கும் தண்ணி வரும்.”

“நானும் போடலாமான்னு கேட்டேன். ‘ம்’னு சொன்னீங்க.”

“வாயில குண்டூசி இருந்துச்சுடி. வேற என்னாத்தச் சொல்றது?”

நாற்பது வருடம் ஒரு குண்டூசியின் மேல் நின்றிருக்கிறேன். மகன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அதைக் குடித்துவிட்டு, ஏழு வயதில் கேட்கத் தோன்றாத ஒன்றைக் கேட்டேன்.

“அத்தை, உங்களுக்குப் படிக்க ஆசையே இல்லையா?”

அத்தை வெட்டிய துணியை நீவி நீவி மடித்தார்.

“ஏன் இல்லாம? இருந்துச்சு. அந்த மண்டபத்துல உக்காந்திருக்கும்போது நெறய இருந்துச்சு.” கத்தரியை மறுபடி கையில் எடுத்தார். “ஆனா அன்னிக்கு உனக்கு அளவுதான் எடுத்தேன்.”

பிறகு என் மகன் பக்கம் திரும்பினார். நான் ஆவலோடு காத்திருந்த அறிவுரை இதோ வரப்போகிறது என்று நினைத்தேன். “லிப்டு வேலைன்னா மேலேருந்து தொங்கணுமாடா?” என்று கேட்டார். அவன் இல்லை என்று தொடங்கி, கடைத் துண்டுத் துணிகளைக் கட்டி இழுத்து எதையோ விளக்கினான். அத்தை நடுநடுவே கேள்வி கேட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரமாக அவனிடம் நான் கேட்டதெல்லாம் ஏன், ஏன் என்ற ஒன்றுதான்.

திரும்பி வரும்போது ஈஜோக் ஊரைத் தாண்டியதும் நான் கேட்டேன். “கம்பி அறுந்துபோச்சுன்னா லிப்டு கீழ விழுந்துடாதா?”

அவன் என்னை ஒரு தடவை பார்த்தான், கிண்டலா என்று. இல்லை என்று தெரிந்ததும் சொல்லத் தொடங்கினான். ஒன்று அறுந்தாலும் மற்ற கம்பிகள் தாங்குமாம். எல்லாமே அறுந்தாலும் இரண்டு பக்கமும் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் ஏதோ ஒன்று இருக்கிறதாம். ரவாங் வரும்வரை பேசினான். அவன் கைகள் காற்றில் கவ்வின, விட்டன. எனக்குப் பாதிக்குமேல் புரியவில்லை. பயமும் போகவில்லை. சாலையைப் பார்த்தபடியே, “ம்” என்றேன்.

அவன் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கண்ணாடியில், சம்மதம் கிடைத்துவிட்டவனைப்போல மலர்ந்த அவன் முகம் தெரிந்தது. அன்று தொப்பி மட்டும் என் மூக்குவரை இறங்காமல் இருந்திருந்தால், அத்தையும் இப்படி ஒரு முகத்தைத்தான் பார்த்திருப்பார்.