பகலில் தூங்குகிறவருக்கு எந்த வரம்பு?

சத்தம் அளக்கிற வேலையில் ஒரு சங்கடம் உண்டு: மீட்டரோடு போய் நின்றதும் எல்லாரும் சத்தத்தை நிறுத்திவிடுவார்கள். மேஸ்திரி கை காட்டுவார், கலவை மெஷின் நின்றுவிடும், கம்பி வெட்டுகிறவர் பீடி பற்றவைப்பார். நாம் பஸ் ஏறியதும் மறுபடி ஆரம்பிக்கும். பக்கத்து மனையில் கட்டடம் எழும்பும்போது காய்ச்சலோடு படுத்திருந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் அடுக்குமாடி வீடுகள் முளைத்துக்கொண்டிருந்தன. அப்போது நான் ஒரு சின்ன ஆலோசனை நிறுவனத்தில் இருந்தேன். சிங்காநல்லூரில் திருச்சி ரோட்டுக்கும், மில் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்கும் நடுவில் ஒரு கட்டடம் எழும்பியது. லைன் வீட்டுக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். பில்டர் நடராஜன் எங்களைக் கூப்பிட்டார்.

பேட்டரி போயிருச்சுங்களா?

முதல் நாள் லைன் வீட்டு வாசலில் ஸ்டாண்டை நட்டு, மீட்டரை மாட்டிவிட்டுத் தள்ளி நின்றேன். பக்கத்தில் யாரும் பேசக் கூடாது என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். அதை மதித்து ஒரு பெரியவர் மட்டும் துண்டை மடியில் போட்டுக்கொண்டு, மீட்டருக்குக் காதைக் கொடுத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். அளவு முடிகிற நேரத்தில் மீட்டரின் மைக்குக்கு நேராக வாயை வைத்து, மேஸ்திரிக்கே கேட்கிற மாதிரி கேட்டார்: “ஏனுங்க தம்பி, இத்தன நேரமாச்சு, ஒரு பாட்டும் வரலீங்களே, பேட்டரி போயிருச்சுங்களா?”

முதலிலிருந்து அளந்தேன்.

இன்னாசி

மதியம் பன்னிரண்டு மணி வெயிலில் ஒருவர் லுங்கியோடு வெளியே வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. பெயர் இன்னாசி. நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட். காலையில் வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுப்பார். அவர் படுக்கிற நேரத்துக்குத்தான் கலவை மெஷின் ஓட ஆரம்பிக்கும்.

அளவு எவ்வளவு என்று கேட்டார். பகலுக்கு அனுமதித்த வரம்பை ஒட்டித்தான் இருக்கிறது, ராத்திரிக்கு வரம்பு இதைவிடக் கம்மி என்றேன். அவர் கோபப்படவில்லை. மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ராத்திரி இங்க அமைதியாத்தான் இருக்குமுங்க. அப்ப நான் மில்லுல இருப்பனுங்களே.”

பில்டரின் வைத்தியம்

இதை நடராஜனிடம் சொன்னேன். மெஷினை ரோட்டுப் பக்கம் மாற்றலாம், சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கலாம், கம்பி வெட்டுவதை மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். இளநீர் வாங்கிக் கொடுத்தார். அவர் மோசமான மனிதர் இல்லை. வேலை தள்ளிப்போவது மட்டும்தான் அவருக்குப் பிடிக்காது. கிளம்பும்போது தோளில் கை வைத்துச் சொன்னார்: “பஞ்சு மில்லுல வேலை செய்யறவருக்குப் பஞ்சுக்கா பஞ்சமுங்க? காதுல ரெண்டு உருண்டை வெச்சுக்கச் சொல்லிப்போடுங்க.”

அம்மி

அடுத்த தடவை போனபோது இன்னாசியின் வலது கையில் பெரிய கட்டு இருந்தது. விடியற்காலையில் மில்லில் நின்றபடியே கண் அசந்துவிட்டார். நூற்கிற மெஷினில் கை மாட்டிக்கொண்டது. ஆள்காட்டி விரல் நுனி இல்லை. நான் எதுவும் அளக்காமல் நேரே நடராஜனிடம் போய், “வந்து பாருங்க, அப்புறம் என்னைப் போகச் சொல்லுங்க” என்றேன். அவ்வளவு தைரியம் எனக்கு அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் வரவில்லை.

வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், இன்னாசியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். மூலையில் மிக்ஸி துணி போட்டு மூடியிருந்தது. இன்னாசியின் மனைவி ஸ்டெல்லா அம்மியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். மிக்ஸி ரிப்பேரா என்று நடராஜன் சும்மா கேட்டுவைத்தார். ஸ்டெல்லா நிமிராமல் சொன்னார்: “நல்லாத்தானுங்க இருக்குது. அவரு தூங்கட்டும்னு, நீங்க வேலை ஆரம்பிச்ச நாளிலிருந்து நான் அதைப் போடறதில்லீங்க.”

அன்று சாயங்காலமே கலவை மெஷின் ரோட்டுப் பக்கம் போய்விட்டது. மறுநாள் மூட்டைகள் வந்தன. கம்பி வெட்டுகிற வேலை இரண்டு மணிக்கு மேல்தான் என்று நடராஜனே மேஸ்திரியிடம் சொன்னார். விரல் நுனி போனது போனதுதான்.

காற்று

கட்டடம் முடிந்து ஆட்கள் குடிவந்த பிறகு, அங்கே புதிதாக வைத்த ஜெனரேட்டரின் சத்தத்தை அளக்கப் போனேன். தனி அறை கட்டி, புகைக்குழாயை மொட்டை மாடி வரை ஏற்றியிருந்தார்கள். லைன் வீட்டு வாசலில் மீட்டரை வைத்தேன். முன்பிருந்ததைவிட அமைதி. ரோட்டுச் சத்தத்தை நாலு மாடிச் சுவர் மறைத்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. இப்போது தூக்கம் எப்படி என்று இன்னாசியிடம் கேட்டேன். “லாரிச் சத்தம் இப்ப வாரதே இல்லீங்க,” என்றார். விசிறிக்கொண்டிருந்த அட்டையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். “காத்துந்தான் வாரதில்லீங்க.”

திரும்பும்போது புதுக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் குடிவந்திருந்த ஓர் அம்மணி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். சத்தம் சம்பந்தமாக ஒரு புகார் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். காப்பியைக் குடித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டுச் சொன்னார்: “ஏனுங்க சார், அந்த மில்லு சங்கைக் காலைல கொஞ்சம் லேட்டா ஊதச் சொல்லுங்களேன், தூக்கம் கெடுதுங்க.”

எனக்குத் தெரிந்தவரை சத்தம் குறைவதே இல்லை, ஒரு வீட்டைக் காலி செய்துகொண்டு அடுத்த வீட்டுக்குக் குடிபோகிறது. நாங்கள் மீட்டரைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே போகிறோம்.