கண்டக்டர் போட வந்த கையெழுத்து

மஞ்சூரில் நான் பள்ளி ஆசிரியையாக இருந்தபோது ஒரு நாள், ஊட்டி பஸ்ஸில் வயிற்றுவலி வந்து சுருண்டுவிட்டேன். டிரைவர் நல்ல மனிதர். பஸ்ஸை நேரே ஆஸ்பத்திரி வாசலுக்கே கொண்டுபோய் நிறுத்தினார். முட்டைக்கோஸ் மூட்டைக்காரர்கள் உட்பட பாதி பஸ் என்னோடு உள்ளே வந்தது.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். குடல்வால் வீங்கியிருக்கிறது, வெடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றார். அந்த நேரத்தில்தான் நர்ஸம்மா ஒரு சம்மதப் படிவத்தோடு வந்தார்.

“ஏனுங்க டீச்சர், ஊட்டுக்காரர் எங்கீங்க? கையெழுத்துப் போடோணும்.”

“கோயமுத்தூர் போயிருக்காருங்க, நாளைக்குத்தான் வருவாரு. குடுங்க, நானே போடறேன்.”

“நீங்க பேஷண்ட்டுங்க. ஆம்பளைங்க ஆராச்சும் போட்டாத்தான் செல்லும்.”

என் கையெழுத்தில் மஞ்சூரில் ஒரு வகுப்பே பாஸாகிறது. என் வயிற்றுக்கு மட்டும் அது செல்லாதாம்!

அதற்குள் கண்டக்டர் காதில் செருகியிருந்த பேனாவோடு முன்னால் வந்தார். “நான் போடறனுங்க.”

“நீங்க என்ன உறவுங்க?” என்றார் நர்ஸம்மா.

“டிக்கெட் குடுத்தனுங்க.”

நர்ஸம்மா கொஞ்சம் யோசித்தார். யோசித்துவிட்டு அவரிடமே படிவத்தை நீட்டினார்! என் பெயர்கூடத் தெரியாத அந்த மனிதர், ‘உறவுமுறை’ என்ற இடத்தில் ‘கண்டக்டர்’ என்று முத்து முத்தாக எழுதினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வலியே மறந்துபோயிற்று. காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டேன்.

எதைக் கையில் வாங்கினாலும் பிழை பார்க்கும் புத்தி எனக்கு. ‘அறுவைச் சிகிச்சை’யில் நடுவே வரவேண்டிய ‘ச்’சை விட்டிருந்தார்கள். முனகிக்கொண்டே அடுத்த வரிக்குப் போனால், ‘நோயாளி அல்லது பாதுகாவலர் கையொப்பம்’ என்று அச்சடித்திருந்தது.

“சத்தமாப் படிங்க,” என்று நர்ஸம்மாவிடம் நீட்டினேன். கையைக் கட்டாத குறையாகப் படித்தார்.

“இத்தன வருசமா இத ஆரும் படிக்கலீங்க டீச்சர்.”

“நீங்களுமா?”

“நானுந்தானுங்க.”

அவரைச் சொல்லி என்ன? மதிப்பெண் அட்டையில் அம்மா கையெழுத்தோடு வந்த பிள்ளைகளை, அப்பாவிடம் வாங்கி வா என்று திருப்பி அனுப்பியவள்தானே நானும். வெட்கமாக இருந்தது. ஆனால் குடல்வால் அதற்கெல்லாம் நேரம் கொடுக்கவில்லை. கண்டக்டரின் பேனாவையே வாங்கி, அவர் எழுதியதை அடித்துவிட்டு, கோணல்மாணலாக என் கையெழுத்தைப் போட்டேன்.

மறுநாள் என் கணவர் அலறியடித்துக்கொண்டு வந்தார். தையலோடு படுத்திருந்த என்னைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்தோடே நர்ஸம்மாவிடம் பாய்ந்தார்.

“ஆரைக் கேட்டுங்க எம் பொண்டாட்டி வயித்தக் கிழிச்சீங்க?”

நர்ஸம்மா கட்டிலைக் காட்டினார். “வயித்துக்காரங்களக் கேட்டுத்தானுங்க.”