மைனி கண்ணை மூடிய நேரம்

எங்கள் சுகிர்தபாய் மைனியை ஏமாற்ற இனிமேல்தான் ஒருத்தன் பிறந்து வரவேண்டும் என்று பாறசாலைப் பக்கம் எங்கள் ஊரில் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், கொஞ்சம் எரிச்சலோடு. அவள் என் அண்ணன் யோசுவாவின் மனைவி. என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் மரச்சீனிக் கிழங்கு போட்ட ஒரு விளை மட்டும்தான். மீன்காரி கூடையை இறக்கினால் மைனி ஒவ்வொரு மீனின் செவுளையும் தூக்கிப் பார்ப்பாள். கொத்தனார் வந்தால் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காருவாள். சபை விருந்துக்குக் கொடுக்கும் பாத்திரம் மாறிப்போகாமல் இருக்க எல்லோரும் பெயிண்டில் அடையாளம் போடுவது எங்கள் வழக்கம். மைனி பாத்திரத்தோடு நிறுத்தவில்லை. ஏணி, மண்வெட்டி, மிக்சி, இன்வெர்ட்டர் பாட்டரி வரைக்கும் சிவப்பு பெயிண்டில் 'சு' என்று எழுதி வைத்திருந்தாள்.

அந்த பாட்டரியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அண்ணன் கிரஷரில் பாறைப்பொடி தின்று நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவன். வீட்டில் ஆக்சிஜன் மெஷின் ஓடவேண்டும், மூக்கில் குழாய் இருக்கவேண்டும். குழாயை எடுத்தால் குளித்து முடிக்கும் வரை தாங்குவான், அதற்குமேல் முடியாது. கரண்ட் போனால் இன்வெர்ட்டர்தான் அவனுக்கு மூச்சு. மழைக்கு முன்னால் அதை ஒருதரம் சரிபார்த்துவிட வேண்டும் என்று மைனி பறந்தாள். மின்கம்பத்தில் ஒட்டியிருந்த நோட்டீசைப் பார்த்து அவளே போன் பண்ணினாள்.

வேனில் இரண்டு பேர் வந்தார்கள். பேசியவன் தன் பெயர் எலியா என்றான். வாசல் நிலைக்கு மேலே இருந்த பைபிள் வசனத்தைப் பார்த்ததும் "ஸ்தோத்திரம் அம்மா" என்றான். மைனி அதற்கெல்லாம் மயங்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆசிட் வாடை அண்ணனுக்கு ஆகாது என்று பாட்டரியை டிராலியோடு முற்றத்துக்கு உருட்டினார்கள். மைனியும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். அவர்கள் தண்ணீர் ஊற்றி, முனைகளைச் சுரண்டி முடிக்கும் வரை கண் எடுக்கவில்லை.

எலியா கையைத் துடைத்துக்கொண்டே ஜன்னல் வழியாக அண்ணனைப் பார்த்தான். பார்த்தவன் முகம் வாடிப்போயிற்று. "அம்மா, இத மாட்டுததுக்கு முன்ன அப்பாவுக்காக ஒரு ஜெபம் பண்ணட்டா?"

எங்கள் ஆட்களில் இதற்கு வேண்டாம் என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா? மைனி முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு உள்ளே வந்தாள். நானும் போய் நின்றேன். மற்றவன், காலில் அழுக்கு என்று முற்றத்திலேயே நின்றுகொண்டான். எலியா ஜெபித்தான், நீளமாக. அண்ணனின் நெஞ்சுக்காக, சுவர்ப் படத்தில் இருந்த, வெளியூர் போன பிள்ளைகளுக்காக, வரப்போகிற மழைக்காக. போகப்போகக் குரல் உயர்ந்தது. வெளியே ஏதோ உருளும் சத்தம் எனக்குக் கேட்டது. ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறக்கிறவள் உண்டா? ஆமென் சொல்லிப் பார்த்தால் மைனி கன்னமெல்லாம் கண்ணீர். பாட்டரியை மாட்டி, லைட்டை எரியவைத்துக் காட்டி, அவள் எலுமிச்சை பிழிந்து கொடுத்த நாரங்காவெள்ளத்தையும் குடித்துவிட்டு அவர்கள் போனார்கள்.

அந்த வாரமே மழை வந்தது. மத்தியானம் எங்கோ மரம் முறிந்து கரண்ட் போனது. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் இன்வெர்ட்டர் கூவ ஆரம்பித்தது. மைனி ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்திவிட்டு எலியாவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள், ஸ்விட்ச் ஆஃப். கூவல் நின்றது. கூடவே மெஷினும் நின்றது.

அண்ணன் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சை இழுத்தான். உதடு நீலமாக ஆரம்பித்தது. நான் அலறியதில் பக்கத்து வீட்டு சரசம்மாவின் மகன் ஜெயன் ஓடிவந்தான். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போகும் ரோட்டில்தான் மரம் கிடக்கிறது என்றான்.

"கோயிலுக்கு தூக்கு மக்கா," என்றாள் மைனி. "அங்க ஜெனரேட்டர் உண்டு."

ஜெயன் அண்ணனை முதுகில் ஏற்றினான். மைனி மெஷினைத் தார்ப்பாயில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு அந்த மழையில் ஓடினாள். எங்கள் சபைக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஈசாக் ஜெனரேட்டர் கயிற்றை இழுத்தார். இருமிவிட்டு நின்றது. மறுபடி இழுத்தார், அதேதான். அண்ணனின் தலை மைனியின் தோளில் தொங்கியது. "எழும்பு, எழும்பு" என்று அவள் சொன்னது அவனுக்கா அந்த இயந்திரத்துக்கா தெரியவில்லை. அடுத்த இழுப்பில் அது பிடித்துக்கொண்டது. பாடகர் பெஞ்சில் படுக்கவைத்து மூக்கில் குழாயை மாட்டினோம். உதட்டில் ரத்தம் ஏறும்வரை எனக்கும் மூச்சு வரவில்லை.

கரண்ட் வந்து வீடு திரும்பியதும் மைனி நேரே போய் பாட்டரியைத் திருப்பிப் பார்த்தாள். அதே கம்பெனி, அதே நிறம். 'சு' இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஜெபத்துக்குள்ள மாத்திட்டானுவ பிள்ளே," என்றாள். திட்டவில்லை, சாபம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் மைனி சொல்லிக்கொடுத்தபடி அதே நம்பருக்கு சரசம்மா தன் போனில் இருந்து மலையாளத்தில் பேசினாள், இன்வெர்ட்டர் கேடாகிவிட்டது என்று. உடனே எடுத்தான். மாலைக்குள் வேன் அவள் வீட்டுக்கு வந்தது. அதே ஆள்தான். ஆனால் நெற்றியில் சந்தனக்குறி, கையில் சிவப்புக் கயிறு, பெயர் உண்ணி. பாட்டரியை முற்றத்துக்கு உருட்டினார்கள். பிறகு அவன் பூஜை அறை விளக்கைப் பார்த்து பக்தியோடு, "சேச்சி, ஒந்நு தொழுதிட்டு வைக்காம்" என்றான். ஒருதரம் கும்பிட்டுவிட்டு மாட்டலாமாம். சரசம்மா கை கூப்பினாள்.

அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து மைனி வெளியே வந்தாள். நானும் பின்னால் போனேன், கையில் தேங்காய் உரிக்கும் கம்பியோடு.

"நல்லா கும்பிடு மக்கா," என்றாள். "இல்லேங்கி ஜெபம் பண்ணு. ஒனக்கு ரெண்டும் தெரியுமே. நான் இன்னைக்கு கண்ண மூடமாட்டேன்."

அவன் வேனைப் பார்த்தான். ஜெயன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அதில் சாய்ந்து நின்றிருந்தான். கூட வந்தவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அம்மா, அது பாட்டரி தெரியாம மாறிப்போச்சு..."

"பாட்டரியா? எனக்க கெட்டினவனுக்க மூச்சாக்கும் எலே நீ கொண்டு போனது! அவரு பேரச் சொல்லி ஜெபிச்சிட்டாக்கும் கொண்டு போன!" அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கம்பியை ஓங்கிய என் கையை சரசம்மா பிடித்திருக்காவிட்டால் கதை வேறாகியிருக்கும்.

ஜெயன் அவர்களோடு வேனில் பூவார் வரை போய், விற்ற இடத்திலிருந்து பாட்டரியை எடுத்துக்கொண்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனான். பெட்ரோல் போட்டுத் துடைத்திருந்தார்கள். ஆனாலும் 'சு'வில் பாதி அப்படியே இருந்தது.

பாட்டரி வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் அண்ணன்தான் குடும்ப ஜெபம் செய்தான், குழாயோடு, விட்டுவிட்டு. நான் மெல்ல ஒற்றைக் கண்ணைத் திறந்தேன். மைனி முந்தானையைத் தலையில் போட்டு, கைகளைக் கூப்பி, இமைக்காமல் அவன் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் ஆமென் சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். "நீ கண்ண மூடல்லியா?"

"நீங்க மூடிக்கிடுங்க," என்றாள். "நான் பாத்துக்கிடுதேன்."